வின்னிபெக் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி பள்ளி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் பள்ளிக்குச் சூட்டியிருக்கும் பெயர் உங்கள் ஊர்ப் பையனுடையது. போலந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு 1916இல் வின்னிபெக்கிலேயே பிறந்தவர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. அப்பா இறந்ததும் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளத் தோல் வெட்டும் வேலைக்குப் போனார். பிறகுதான் விமானப்படை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூன் 12 இரவு, பிரான்சிலுள்ள கம்ப்ரேயின் ரயில் பாதைகளைத் தாக்கக் கிளம்பிய லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். மைனார்ஸ்கி முதுகுப்புறத் துப்பாக்கிக் கூண்டில், அவர் நண்பர் பாட் பிராஃபி வால் கூண்டில். ஜெர்மன் விமானம் சுட்டதில் தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார். மைனார்ஸ்கி கதவருகே வந்துவிட்டார். ஒரு அடி வைத்தால் வெளியே. திரும்பிப் பார்த்தார். பிராஃபியின் கூண்டு திரும்பாமல் சிக்கிக் கிடந்தது.

தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்தார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். அதற்குள் உடையிலும் பாராசூட்டிலும் தீ பற்றிவிட்டது. போய்விடு என்று பிராஃபி கையசைத்தார். மைனார்ஸ்கி முகத்தை நண்பரிடமிருந்து திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்தார். கதவருகே எழுந்து நின்று, எரியும் உடையோடு சல்யூட் வைத்தார். தினமும் இரவில் பிரியும்போது விளையாட்டாகச் சொல்லும் "குட் நைட், சார்" என்ற சொல்லைத்தான் அவர் உதடுகள் அப்போதும் சொல்லின.

தரையில் அவரைக் கண்டெடுத்த பிரெஞ்சு மக்களால் காப்பாற்ற முடியவில்லை. வயது 27. மெஹாரிகூர் என்ற சிற்றூரின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். அம்மா இருந்தது வின்னிபெக்கில்.

விமானம் மோதி நொறுங்கியபோது பிராஃபி தூக்கியெறியப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரியவந்தது. 1946இல் மைனார்ஸ்கிக்கு, வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது.

நான் இதை எழுதக் காரணமே இதுதான். பிராஃபியும் இறந்திருந்தால் உங்கள் பள்ளிக்கு வேறு பெயர் இருந்திருக்கும். மைனார்ஸ்கி பறந்த பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் அந்தப் போரில் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியர்கள். கடைசி நிமிடத்தில் அவர்கள் யாருக்காக என்ன செய்தார்கள் என்று சொல்ல எத்தனை விமானங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை! கல்லறைகூட இல்லாத விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் இருக்கின்றன.

உங்கள் மனிடோபா மாகாணம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. போரில் மாண்ட தன் பிள்ளைகளின் பெயர்களை ஏரிகளுக்கும் தீவுகளுக்கும் வைத்திருக்கிறது. மைனார்ஸ்கியின் பெயரிலும் வடக்கே ஏரிகள் உண்டு. ஒருநாள் வகுப்பில் மாகாண வரைபடத்தை விரித்துவைத்து, அவர் ஏரியைக் கண்டுபிடியுங்கள். அப்படியே நீங்கள் கேள்விப்பட்டிராத ஒருவரின் ஏரியையும் ஆளுக்கு ஒன்றாகத் தேடி எடுங்கள். அவர் எந்தத் தெருவில் வளர்ந்தார், எந்த ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று விசாரியுங்கள். போரில் மாண்டவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று மைனார்ஸ்கியின் பெயருக்கு அடுத்து அந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒருவர்