எங்கள் தோள்களை வசதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்

வீட்டு மாற்றமைப்பு உதவித்தொகை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தங்கையின் விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கோப்பு உங்களிடமே இருக்கிறது, பழைய கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. கடிதத்தின் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்: "விண்ணப்பதாரர் குடும்பத்தினரின் உதவியுடன் கழிப்பறையைப் பயன்படுத்தி வருவதால், கோரப்பட்ட மாற்றங்கள் அவசியமானவையாகக் கருதப்படவில்லை."

அந்த உதவி எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர் பத்து நிமிடம் இருந்தார், கழிப்பறைக் கதவை வெளியே நின்று ஒரு படம் எடுத்தார், கிளம்பிவிட்டார். அளந்து பார்த்திருந்தால் நிலையின் உள் அகலம் 60 செ.மீ., சக்கர நாற்காலியின் அகலம் 65 செ.மீ. என்று தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பிரச்சினை முழுக்க அந்த 5 செ.மீ.க்குள் இருக்கிறது.

நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அம்மா அக்குளில் கைகொடுப்பார், நான் முழங்காலுக்கு அடியில் பிடித்துக்கொள்வேன், இருவரும் பக்கவாட்டில் நுழைந்து அவளை உள்ளே கொண்டுபோவோம். அம்மாவுக்கு வயது 68. உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். அந்தக் குழாய் இரண்டு முறை கையோடு வந்துவிட்டது.

நான் வேலைக்குப் போய்விட்டால் அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. அதற்குத் தங்கை தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். காலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் நான் திரும்பும்வரை உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. போன மாதம் சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சல், ஐந்து நாள் மருத்துவமனை. அந்தச் செலவும் பொதுப் பணத்தில்தான் போனது. அதற்கு யாரும் அவசியத்தை நிரூபிக்கச் சொல்லவில்லை. (இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "தண்ணி விஷயத்தைக் கண்டிப்பா எழுதுக்கா" என்றாள்.)

நாங்கள் கேட்டது பெரிய கட்டுமானம் இல்லை. நிலையைப் பெயர்த்து 90 செ.மீ. ஆக்க வேண்டும், உள்ளே இரண்டு கைப்பிடிக் கம்பிகள் பொருத்த வேண்டும், வாசலுக்கு ஒரு சாய்தளம் வேண்டும். நிலையையும் கம்பியையும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். ஆனால் ஒப்புதலுக்கு முன் வேலையைத் தொடங்கினால் உதவித்தொகை கிடைக்காது என்பது உங்கள் விதி. கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று நினைத்தபோதெல்லாம் அந்த விதிக்குப் பயந்தே 14 மாதம் காத்திருந்தோம்.

அவளுக்கு இருப்பது தசைச்சிதைவு நோய். இன்றைக்கு அவள் கைகளில் வலு இருக்கிறது. நாற்காலி உள்ளே போய், பிடிக்கக் கம்பியும் இருந்தால் தானே எழும்பி மாறி உட்கார்ந்துகொள்வாள், பிசியோதெரபிஸ்ட் செய்ய வைத்துப் பார்த்துத்தான் சான்று கொடுத்திருக்கிறார். ஆனால் இந்த நோயில் வலு குறைந்துகொண்டேதான் போகும். உங்கள் மேசையில் கோப்பு காத்திருக்கலாம், அவள் கைகள் காத்திருக்காது. ஆகவே என் கோரிக்கை இதுதான்: நாங்கள் தூக்குகிறோம் என்பதை மறுப்புக்குக் காரணமாக்காதீர்கள். அவளால் தனியாகப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

சாய்தளம் பற்றியும் ஒரு வார்த்தை. "படிமேல் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளுங்களேன்" என்றார் ஆய்வுக்கு வந்தவர். மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். 1:12 என்ற சரிவுக் கணக்குப்படி, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்றால், 540 செ.மீ. நீளம் வேண்டும். அவர் சொன்ன பலகை சறுக்கு மரமாகத்தான் இருக்கும். இதற்கிடையில் இரண்டு முறை ஊனச் சான்றிதழைப் புதுப்பித்து அனுப்பச் சொன்னீர்கள். தசைச்சிதைவு மனம் மாறித் திரும்பிப் போய்விட்டதா என்று சரிபார்க்க நினைத்திருக்கலாம். போகவில்லை, ஐயா. அப்புறம், உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையைப் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதன் 19ஆம் பிரிவு, சுயமாக வாழ்வதைப் பற்றியது. அக்காவின் வேலை நேரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிப்பது எந்தப் பிரிவில் வருகிறது?

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யுங்கள். குடும்ப உதவி இருக்கிறது என்ற காரணத்தை நீக்கிவிட்டு, வீட்டின் அளவுகளையும் பிசியோதெரபிஸ்டின் சான்றையும் வைத்து முடிவெடுங்கள். எந்தத் தேதிக்குள் முடிவு வரும் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மறு ஆய்வுக்கு வருபவர் தயவுசெய்து அளவு நாடாவோடு வரட்டும். காலை பதினொரு மணி வசதியாக இருக்கும். அப்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் அக்கா