மதிப்பெண் முக்கியமில்லை என்று மேடையில் சொல்லும் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் ஆட்சிக்குழுவினருக்கும்,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் தாங்கள் நடத்திவரும் கல்லூரியின் பெயரை இம்மடலில் நான் குறிப்பிடவில்லை. என் இளைய மகன் இன்னும் அங்கேதான் படிக்கிறான் என்பது ஒரு காரணம். யாருக்கு எழுதுகிறேன் என்பது தங்களுக்கே தெரியும் என்பது மற்றொன்று.

முதலாமாண்டு மாணவர் வரவேற்பு விழாவில், பெற்றோர்களையும் அமரவைத்துக்கொண்டு, மதிப்பெண் வெறும் எண்தான், திறமை இருந்தால் வேலை தேடி வரும் என்று இவ்வாண்டும் பேசினீர்கள். கைதட்டல் பலமாகவே இருந்தது. இதே பேச்சை முன்பு பி.காம். சேர்ந்தபோது என் மகளும் கேட்டாள். முதல்வரே சொல்கிறாரே என்று நம்பவும் செய்தாள். விழா வந்தால் கோலம் போடவும், விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும், நடன ஒத்திகைக்கும் அவளை வகுப்பிலிருந்து அழைத்துப் போவார்கள். அகமதிப்பீட்டுத் தேர்வு தவறுகிறதே என்று கேட்டால், "இன்டர்னல்தானே, பார்த்துக்கலாம்" என்பார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுடைய மதிப்பெண் பட்டியலில், பல்கலைக்கழகத் தேர்வில் 75-க்கு 50-ஐத் தாண்டிய தாள்களிலும், பக்கத்து அகமதிப்பீட்டுக் கட்டத்தில் 25-க்கு 9, 10 என்றே இருக்கிறது.

நான் புதுவயலில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். என் மகளுக்கு ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் வைத்திருந்தால் அதற்கான சி.ஏ. படிப்பின் நுழைவுத் தேர்வான ஃபவுண்டேஷனை எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம், பிற பட்டதாரிகளுக்கு அது 60. இவளுக்கு வந்திருப்பது 54. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த பையன், சதவீதம் கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, "அக்கா, 55 இருக்கணுமே" என்றான். தாங்கள் மூன்றாண்டுகளில் ஒருமுறைகூடச் சொல்லாததை அந்தப் பையன்தான் சொன்னான். இப்போது அவள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து, நான்கு தாள், 400 மதிப்பெண் ஃபவுண்டேஷனுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

தாங்கள் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குடிமைப்பணித் தேர்வுக்குப் பட்டம் இருந்தால் போதும், சதவீதம் கேட்பதில்லை. சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரிடம் கல்லூரி மதிப்பெண்ணை விசாரிக்கிறவர்களும் குறைவுதான். ஆனால் மற்ற இடங்களில் நிலைமை அப்படியில்லை. பி.எட். சேரப் பொதுப் பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45 என்று வரம்பு உண்டு. நம் ஊரிலேயே சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆய்வு மாணவராக நுழைய நினைக்கும் பிள்ளை நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுத வேண்டுமானால், பொதுப் பிரிவில் முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். இவையெல்லாம் தங்கள் பேராசிரியர்கள் அனைவருக்கும் தெரிந்தவையே, ஏனெனில் அவர்களே இந்த வரம்புகளைத் தாண்டி வந்தவர்கள்தாம். 40 எடுத்தால் தேர்ச்சி என்பது மாணவர்களுக்கும் தெரியும். அதற்கு மேல் எந்த எண்ணில் எது கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்பதைத்தான் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: முதலாமாண்டின் முதல் வாரத்திலேயே, எந்த மேற்படிப்புக்கும் எந்த வேலைக்கும் எத்தனை சதவீதம் தேவை என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள்.

மதிப்பெண் முக்கியமில்லை என்பது உண்மையிலேயே தங்கள் கொள்கையென்றால், சேர்க்கையின்போது பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத் தரவரிசை போடுவது எதற்காக? பேருந்து நிலையத்துக்கு எதிரே, தேர்வுத் தரவரிசையில் இடம்பெற்ற மாணவர்களின் படங்களுடன் ஆளுயர ஃபிளக்ஸ் வைப்பது எதற்காக? தங்கள் அறைக்கு வெளியே உள்ள பலகையில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதமும் அரியர் இல்லாமையும் கேட்கிற வளாக நேர்காணல் அறிவிப்பைத் தங்கள் கையொப்பத்துடனேதான் ஒட்டியிருக்கிறார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, வரவு செலவில் அரையணா விடாமல் கணக்குப் பார்த்தவர்களின் சீமை இது. இங்கே வந்து எண் முக்கியமில்லை என்று ஒருவர் பேசி, அதற்குக் கைதட்டலும் வாங்க முடிகிறது என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டுகிறேன். என் மகளுக்கு எதையும் திருத்தித் தரும்படி நான் கேட்கவில்லை, அந்தக் காலம் கடந்துவிட்டது. இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதல் பருவ அகமதிப்பீட்டுத் தேர்வு தொடங்குவதற்குள் அந்த ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். அச்சுக்கூலி இடைஞ்சல் என்றால் சொல்லி அனுப்புங்கள், அதை நான் கொடுத்துவிடுகிறேன். அத்தேர்வு நாட்களில் கோலம் போட வேறு ஆள் வைத்துக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவர் ஒருவரின் தந்தை,
புதுவயல்