நீக்கப்படும் சூறாவளிப் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரழிவு ஏற்படுத்திய பசிபிக் சூறாவளிகளின் பெயர்கள் நீக்கப்படுவதை நம் நாளிதழ்கள் ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அந்த நடைமுறையையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வடமேற்குப் பசிபிக்கில், பன்னாட்டு அமைப்பான சூறாவளிக் குழுவின் 14 உறுப்பினர்கள் தலா 10 வீதம் அளித்த 140 பெயர்கள், 2000ஆம் ஆண்டு முதல் சுழற்சி முறையில் சூட்டப்படுகின்றன. ஒரு சூறாவளி பெருஞ்சேதம் விளைவித்தால், உறுப்பினர்களின் கோரிக்கையை ஏற்று அக்குழு அப்பெயரை நீக்குகிறது. முதலில் பெயரளித்த நாடே மாற்றுப் பெயரையும் முன்மொழிகிறது. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸில் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஹையான், சீனா அளித்த பெயர். அதனிடத்தில் இப்போது பைலு இருக்கிறது.

அதே சூறாவளிக்குப் பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை சூட்டிய யோலாண்டா என்ற பெயரும் நீக்கப்பட்டது. அத்துறையின் பட்டியல்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. டக்லோபான் நகரின் அனிபோங்கில், கடல் கொந்தளித்துக் குடிசைகளின் மேல் தள்ளிய கப்பல் ஒன்றின் முன்பகுதி நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. உறவுகளைப் பறிகொடுத்த அவ்வூர் மக்கள் அதே பெயரை மீண்டும் புயல் எச்சரிக்கையில் கேட்க நேர்வது கொடுமை. ஆகவே இந்த நீக்கம் வெறும் சம்பிரதாயம் அன்று என்பது என் உறுதியான கருத்து.

வங்கக் கடலிலோ ஒரு பெயர் ஒருமுறைதான் சூட்டப்படுகிறது. தானே, கஜா ஆகிய பெயர்கள் இனி வாரா. அவற்றைத் தனியே நீக்க வேண்டியதும் இல்லை. இவ்விரு முறைகளின் வேறுபாட்டை அடுத்த புயல் பருவத்துக்கு முன் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்