எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சி தென்னூரில் 41 ஆண்டுகளாக ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்து வருகிறேன். பாட்டு கேட்பதில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலேயே 'கிரவுண்டிங் பாக்ஸ்' செய்கிறார்கள். மரப்பெட்டிக்குள் செப்புத் தகடு, அதைச் சுற்றிக் கரித்தூள், கல் உப்பு, மணல். தகட்டிலிருந்து ஒரு வயர் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்துக்குப் போகும். இரைச்சலையெல்லாம் பெட்டி இழுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. வெளிநாடுகளில் இதே மாதிரிப் பெட்டிகளை ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் என் அக்கா மகன் வீட்டில் பார்த்ததை மனதிலேயே வைத்திருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியை அவன் அருமையாகச் செய்திருந்தான். தேக்குப் பலகை, பித்தளைத் திருகு, உள்ளே பழைய செப்புத் தவலையை வெட்டி எடுத்த தகடு. "மாமா, இதை மாட்டியதும் இரைச்சல் பாதி போய்விட்டது" என்றான். வீணை இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். முன்பு தம்புராவோடு சேராத இன்னொரு சுருதி மாதிரி அடியில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்குமாம். இப்போது குறைந்திருந்தது உண்மைதான். பிள்ளை பொய் சொல்லவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தேன். இசைத்தட்டுச் சுழலியிலிருந்து ஒரு வயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒன்று, கம்ப்யூட்டரிலிருந்து ஒன்று, மூன்றையும் தகட்டில் பற்றவைத்திருந்தான். மூன்றையும் கழற்றி ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, பெட்டியைத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிட்டு அதே தட்டைப் போட்டேன். அதே அமைதி. காரணம் இதுதான்: சுழலியின் கிரவுண்ட் வயரில் முனை ஒடிந்திருந்ததால், அது ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் மாட்டப்படாமலே கிடந்திருக்கிறது. ஊசியிலிருந்து வரும் சிக்னல் 5 மில்லிவோல்ட் அளவுதான். அதை நூறு மடங்குக்குமேல் பெருக்கும்போது, தவறிப்போன ஒரு கிரவுண்ட் வயர் பிடிக்கும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். தகடு சுழலி வயரையும் ஆம்ப்ளிஃபயர் வயரையும் இணைத்து வைத்தது. கரியும் உப்பும் எதுவும் செய்யவில்லை.

அதன்பிறகுதான் ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தேன். சுர்ரென்று பிடித்தது. "அது எப்பவும் அப்படித்தான் மாமா" என்றான். பாடிக்கும், அதாவது வெளி உலோகக் கூட்டுக்கும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 104 வோல்ட். பெட்டியை மாட்டினாலும் 104, கழற்றினாலும் 104. பிளக்கை உருவிப் பார்த்தால் எர்த் முள்ளே இல்லை. அதை எடுத்துவிட்டால் சத்தம் சுத்தமாக வரும் என்று யாரோ சொல்லி, ஒடித்து எடுத்திருக்கிறான். அந்த முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது செருகும்போது முதலில் சேரவும், உருவும்போது கடைசியாகப் பிரியவும்தான்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கண்டென்சர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் அதன் பாடிக்கும், ஆடியோ வயர் வழியாக ஆம்ப்ளிஃபயர் பாடிக்கும் வந்துகொண்டே இருக்கும். எர்த் இருந்தால் அது போய்விடும். இல்லையென்றால் பாடி 230-ல் பாதியளவில் மிதக்கும். கையைச் சுர்ரென்று பிடிப்பது அதுதான். இது சிறு கசிவு. உள்ளே மின்சாரம் வரும் ஃபேஸ் வயரே நழுவிப் பாடியில் பட்டிருந்தால்? ஃபியூஸ் போகாது. முழு 230 வோல்ட்டும் இசைத்தட்டுச் சுழலியின் கைவரைக்கும் காத்திருக்கும். பழுதால் கசியும் மின்சாரம் மண் வழியாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்குத் திரும்பிப் போனால்தான் காப்பு. மேசைமேல் இருக்கும் பெட்டிக்கு அந்தப் பாதை கிடையாது. வீட்டு எர்த் கம்பி மண்ணில் இறங்கும் எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது ஈரத்தைப் பிடித்துவைத்து மண்ணின் தடையைக் குறைக்க. அந்த இரண்டையும் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், மண் வரவில்லை.

கம்ப்யூட்டர் பிளக்கில் எர்த் முள் சரியாகவே இருந்தது. பிறகு பாடிக்கு எப்படி 104 வந்தது? வீட்டு எர்த்தே செத்துப்போயிருந்தது. துளசி மாடத்துக்குப் பின்னால் குழியைத் தோண்டிப் பார்த்தால், குழாய்க் கிளாம்ப் துருப்பிடித்து, கம்பி விரல் பட்டதும் உதிர்ந்தது. வயரிங் செய்பவரை வரவழைத்து, 2.5 மீட்டர் ஜிஐ குழாய் புதிதாக இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டோம். பிளக்கையும் மாற்றினோம். மீட்டர் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. எர்த் சரியானதும் வேறொரு இரைச்சல் வந்தது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்த செட்டாப் பாக்ஸின் கேபிள் உறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடிய மின்சாரம் ஆடியோ வயர் வழியாகச் சுற்றியது. எர்த் முள்ளை ஒடித்தால் இந்தச் சுற்று அறுந்துபோகும். அதனால்தான் அந்தத் தப்பான யோசனை இவ்வளவு பேரிடம் பரவியிருக்கிறது. நாங்கள் எல்லாக் கருவிகளையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டி, செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் ஆடியோ வயரில், கம்பித் தொடர்பை அறுத்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டோம். அதன்பின் அந்த வீணையில் மீட்டுக்கும் மீட்டுக்கும் இடையில் விரல் தந்தியில் உரசுவதுகூடக் கேட்டது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இளைஞர்கள் பெட்டி செய்யட்டும், கைவேலை நல்லதுதான். எர்த் முள்ளை மட்டும் தொடாதீர்கள். ஜங்ஷன் பாக்ஸ் வாங்கும்போது, மூன்று ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வயருக்குள் மூன்று கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான பலவற்றில் இரண்டுதான் இருக்கும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாத வீட்டில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது எப்படி என்பதைத் தங்கள் நாளிதழ் கோடைக்கு முன்பே படத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் குழி காய்ந்துவிடும்.

அக்கா இப்போது சனிக்கிழமைதோறும் துளசிக்கு ஊற்றிய கையோடு குழிக்கும் ஒரு குடம் ஊற்றிவிடுகிறார்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
தென்னூர், திருச்சி.