கடைக்குட்டிக்கு என்ன வயசு என்று ஏன் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தோழிகள் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடி, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கைவேலை செய்யப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நம் மயிலாப்பூர் கடைக்கு வருகிறவர்களைப் பார்க்க எங்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வரப்போகிற பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு என்ன வயசு?" எத்தனை பேர், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதெல்லாம் அப்புறம். "எட்டு வயசுப் பெண்ணுக்குத்தானே வாங்குகிறேன், குட்டிப் பையன் சும்மா கூட வருகிறான்" என்று சிலர் சொல்கிறீர்கள். அந்தக் குட்டிப் பையனுக்காகத்தான் கேட்கிறோம்.

மூன்று வயது நிரம்பாத குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம். அழுத்தாமலே எந்தப் பொருள் அதற்குள் முழுசாக இறங்குகிறதோ, அது தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். அது தாராளமாக உள்ளே போய்விடும். அப்படியானால் மணி, முத்து, சம்கி, பொம்மைக்கு ஒட்டும் ஆடும் கண், பாம்பாம் பந்து எல்லாம் எங்கே நிற்கும்? 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் மணியும் சம்கியும் பொம்மை என்று விற்கப்படுபவை அல்ல, பெரியவர்கள் கோக்கவும் தைக்கவும் வாங்குபவை. அதனால் பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை எதுவும் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. கடைக்குட்டிக்கு மூன்று ஆகவில்லை என்றால் இவற்றைப் பிள்ளைகளின் பையில் நாங்கள் போடுவதில்லை. அக்காவுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், மூடி இறுக்கமான டப்பாவில் தனியாகத் தருகிறோம். மேஜை மேல் வைத்துச் செய்யட்டும், தரையில் வேண்டாம்.

அடுத்தது பசை. ஒரு சொட்டில் கப்பென்று ஒட்டும் பசையை இந்த மாதிரி நாளுக்கு நாங்கள் தருவதே இல்லை. அது விரலை ஒட்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பருத்தித் துணியில் சிந்தினால் சுள்ளென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நம் வெயிலுக்குப் பிள்ளைகள் போட்டிருப்பது பெரும்பாலும் பருத்திச் சட்டைதான். வீட்டில் ஏற்கெனவே இருந்து தவறி விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குட்டிகளுக்கு எங்கள் சிபாரிசு பழைய மைதாப் பசைதான். ஒரு பங்கு மைதாவை நாலு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வந்ததும் இறக்கி ஆற விடுங்கள். காகிதத்துக்கு இது போதும், வாயில் கொஞ்சம் போனாலும் பயமில்லை. மைதா, கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை வருகிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வெக்கையில் மறுநாளே புளித்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பைண்டிங் கடையிலும் போஸ்டர் ஒட்டுபவர்களிடமும் இருப்பது மைதாப் பசைதானே, அதையே கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது விஷம்.

சரி, மணியும் இல்லை, சம்கியும் இல்லை என்றால் இரண்டு வயதுப் பிள்ளை என்னதான் செய்யும்? வெண்டைக்காய் அச்சு! முற்றின காயாக எடுத்துக் காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கி, வழவழப்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு தட்டில் ஸ்பாஞ்ச் வைத்து வண்ணத்தை அதில் ஊற்றுங்கள். வண்ணத்தில் நேராகத் தோய்த்தால் கொழகொழவென்று அப்பிக்கொள்ளும். ஸ்பாஞ்சில் தொட்டுக் காகிதத்தில் வைத்து எடுத்தால் ஐந்து இதழ்ப் பூ விழும், நடுவில் விதைக் குழிகளோடு. குழந்தை அதைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி குத்திக்கொண்டே இருக்கும். கிளேஸ் பேப்பரைக் கையால் கிழித்து ஒட்டுவதும் இந்த வயதுக்கு அருமையான வேலை. கத்தரிக்கோல் பழகும் பிள்ளைகளுக்கு முனை மழுங்கியது தருகிறோம். இடதுகைப் பழக்கம் இருந்தால் சொல்லுங்கள், அதற்குத் தனியாக வைத்திருக்கிறோம். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்டும் கோடு மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். பாவம், அந்தப் பிள்ளைக்கு வெட்டத் தெரியவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுங்கள். எல்லாத் தட்டிலும் அதே காகிதம், அதே வண்ணம் இருந்தால் பாதிச் சண்டை குறையும். மின்விசிறிக் காற்றில் துண்டுக் காகிதம் பறப்பதும் குறையும். சென்னையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார முடியுமா என்ன? தரையில் பழைய போர்வை விரித்துக்கொண்டால் முடிந்ததும் நாலு மூலையைச் சேர்த்துத் தூக்கிக் குப்பையை உதறிவிடலாம். காலையிலேயே ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேல் குட்டிகள் தாங்க மாட்டார்கள். பிள்ளை ஒட்டிய யானைக்குக் காது வயிற்றில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். பெயரையும் தேதியையும் பின்னால் எழுதி வைத்தால் போதும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரி வேலையை அன்றைக்கு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். கொக்கி ஊசியும் ஸ்டாண்டும் தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். பாதியில் போட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடிய வேலையாக எடுங்கள். குரோஷே என்றால் கடைசிக் கண்ணியை நீளமாக இழுத்துவிட்டு ஊசியைக் கையோடு உயரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பட்டு நூல் வளையலில் சுற்றின இடத்தைத் துணி கிளிப்பால் கவ்வி வைத்தால் நூல் தளராது. நாலு வளையல் முடிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். ஒன்று முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் தோழிகளோடு பேசின பேச்சு இருக்கிறது.

இனிமேல் கூட்டாகச் செய்யும் நாளுக்கான சாமானைப் பெரியவர், மூன்று வயதுக்கு மேல், மூன்றுக்குக் கீழ் என மூன்று தனிப் பையாகக் கட்டித் தருவோம். பிரிக்காத பாக்கெட் மீந்தால் ரசீதோடு கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். நவராத்திரிக்கு முன்னால் கொலு அலங்காரச் சாமானுக்குக் கடையில் நிற்க இடம் இருக்காது. அந்தச் சமயத்தில் வேண்டுபவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே, பிள்ளைகளின் வயதோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கைவேலைப் பொருள் கடையினர்,
மயிலாப்பூர், சென்னை