இருபத்திரண்டு இடம் வேண்டாம், நாலு விளக்கு போதும்: ஞாயிறு சைக்கிள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சைக்கிள் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் கடைசி ஞாயிறன்று ‘ஒரே நாளில் சென்னை’ என்று நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு பெசன்ட் நகரில் கிளம்பி, இருபத்திரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு, ராயபுரம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். நாற்பது வருஷமாக வடசென்னையில் சைக்கிள் மிதிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இது ஊர் பார்க்கிற திட்டம் இல்லை, ஊரைக் கடக்கிற திட்டம்.

தூரம் பிரச்சினையே இல்லை. சென்னை தட்டையான ஊர், மேம்பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. கடற்கரையை ஒட்டி ராயபுரத்திலிருந்து பெசன்ட் நகர் வரை பதினேழு கிலோமீட்டருக்குள்தான் வரும். சிக்கல் கதவுகளில் இருக்கிறது. விடியற்காலையில் நீங்கள் போய் நிற்கும் கலங்கரை விளக்கம் பத்து மணிக்குமேல்தான் திறக்கும். கபாலீசுவரர் கோயிலில் மதியம் நடை சாத்தினால் நாலு மணி ஆகும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அங்கே சோழர் கால வெண்கலங்களுக்கே அரை நாள் வேண்டும். வியர்த்து வழியும் சட்டையோடு நடராசர் முன்னால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் அதை வெட்டிவிடலாம்.

திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். ராயபுரத்தில் தொடங்கித் தெற்கே வாருங்கள். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், தெற்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். ஞாயிறு காலை பாரிமுனையில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், ராஜாஜி சாலையில் மற்ற நாட்களில் கிடைக்காத அகலம் கிடைக்கும். சைக்கிள்களை ராயபுரம் கொண்டுவர மின்சார ரயிலை நம்ப வேண்டாம். குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி இரண்டு பேசி, முதல் நாள் இரவே ஏற்றிக் கயிறு கட்டி வையுங்கள்.

இடங்களைப் பட்டியல் போடுவதைவிட ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வருவது நல்லது. நான் பிடிக்கச் சொல்வது கலங்கரை விளக்கங்களை. இந்த ஊர் விளக்கை நாலு இடத்தில் ஏற்றி இறக்கியிருக்கிறது, நாலும் உங்கள் வழியிலேயே வருகின்றன.

ராயபுரம் ஸ்டேஷனில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. ஸ்டேஷனின் அந்தக் காலத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. பக்கத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஞாயிறு காலை அங்கே கால் வைக்க இடமிருக்காது, சைக்கிளோடு போனால் மீன் தண்ணீரில் வழுக்கி விழுவீர்கள். விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து நேரே உயர் நீதிமன்றம். வளாகத்துக்குள் 1844இல் விளக்கேற்றிய கருங்கல் தூண் ஒன்று இருக்கிறது. 1892இல் நீதிமன்றக் கட்டடம் எழும்பியதும் தூணைவிட உயரமாகக் கோபுரம் வந்துவிட்டது. 1894இல் விளக்கைத் தூக்கி அந்தக் கோபுரத்தின் உச்சியில் வைத்தார்கள். கீழே வாய்தா, மேலே கப்பலுக்கு வழிகாட்டுதல்! ஞாயிறன்று உள்ளே விடமாட்டார்கள். வெளியே நின்றே கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள், உச்சியில் விளக்கறை தெரியும்.

டிபனை மண்ணடிப் பக்கம் முடித்துக்கொள்ளுங்கள். ஆர்மேனியத் தெரு தேவாலயம் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். 1772இல் கட்டியது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794இல் அச்சானது இந்த ஊரில்தான், அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை உள்ளே இருக்கிறது.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒன்பது மணிக்குமேல் போங்கள், அடையாள அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல்தான் 1796இல் முதல் விளக்கு எரிந்தது. தேங்காய் எண்ணெய் விளக்கு! ஒருவேளை தேதியை மாற்றினால் வெள்ளிக்கிழமையைத் தொடாதீர்கள், அன்று விடுமுறை.

நேப்பியர் பாலம் தாண்டினால் மெரினா. உழைப்பாளர் சிலையும் ஐஸ் ஹவுசும் சாலையோரத்திலேயே இருக்கின்றன, போகிற போக்கில் பார்த்துவிடலாம். நாலாவது விளக்கு, 1977இல் வந்தது, லிஃப்ட் உண்டு. மேலே ஏறி வடக்கே திரும்பிப் பாருங்கள். காலையிலிருந்து மிதித்த வழி முழுக்கக் கண்ணில் விழும். இதைத்தான் விடியற்காலை இருட்டில், பூட்டிய கேட்டின் முன் செல்ஃபி எடுத்து முடிக்கப் பார்த்தீர்கள்.

பதினொன்றரைக்கு மேல் மிதிக்கக் கூடாது. மார்கழி வெயில்தானே என்பார்கள், தார்ச்சாலைக்கு மார்கழி தெரியாது. சாந்தோம் பேராலயத்தில் கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது, கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரலாம். மதியச் சாப்பாட்டுக்கு மயிலாப்பூர் பக்கம் ஏதாவது சபா கேண்டீன். கச்சேரி கேட்காதவர்களும் வரிசையில் நிற்கிற இடம் அது. சாப்பிட்டு வெயில் தாழும்வரை எங்காவது சாய வேண்டும். குழுவில் யார் வீடாவது அருகில் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். பெண்களும் வருகிறார்கள், கழிப்பறை எங்கெங்கே என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள், உங்கள் தாளில் அது ஒரு வரிகூட இல்லை.

நாலு மணிக்குக் கோயில். அப்புறம் அடையாற்றுப் பாலம், இடதுபக்கம் முகத்துவாரம். ஆறு மணிக்கு பெசன்ட் நகர் மணலில் சைக்கிளைச் சாய்த்துவிடலாம்.

பஞ்சர் விஷயம் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு குழுவோடு வந்தபோது என் பின்சக்கரம் இறங்கிவிட்டது. பெட்ரோல் பங்கில் காற்றுக்குழாய் என் பழைய வண்டியின் வால்வில் உட்காரவில்லை. குழு நிற்கவும் இல்லை, அவர்களுக்கு இன்னும் ஒன்பது இடம் பாக்கி. மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் ஒரு பெரியவர் கடையைக் கண்டுபிடித்தேன். நசுங்கிய அலுமினியச் சட்டித் தண்ணீரில் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வந்தார். ஒரு குமிழிகூட இல்லை. கடைசியில் வால்வில் எச்சில் தொட்டு வைத்தார், அங்கே ஊதிக்கொண்டு கிளம்பியது. “டியூப் நல்லாத்தான் இருக்கு, வால்டியூப்தான் போச்சு” என்றார். வால்வின் மேல் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய் அது. ஐந்து ரூபாய் வாங்கினார்.

ஞாயிறன்று அந்தக் கடை இருக்காது. குறைந்தது இரண்டு கைப்பம்ப் எடுத்து வாருங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் பொறுப்பான ஒருவர் வர வேண்டும்.

குட்டியானை வந்து சேரும்போது ராயபுரம் ஸ்டேஷன் அருகே டீக்கடையில் இருப்பேன். வால்டியூப் ஒரு முழம் என் சட்டைப்பையில் இருக்கும்.

அன்புடன்,
ஒரு வண்ணாரப்பேட்டைக்காரன்