ஒன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வருகிற புதன்கிழமை பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி. வாடிப்பட்டி ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை நீயே கூட்டிப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். "அது காய்ச்சல் ஊசியாச்சே, ராத்திரி பூரா அழுவானே" என்று அம்மாச்சி இப்போதே ஆரம்பித்திருப்பார். அழத்தான் செய்வான். ஆனால் ஊசி போட்ட அன்றைக்கு வருகிற அழுகை ஒரே அழுகை இல்லை. எத்தனை மணிக்கு அழுகிறான் என்று கடிகாரத்தைப் பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

அன்றைக்கு இடது தொடையில் பென்டா ஊசி, வலது தொடையில் நிமோனியா ஊசி, வலது மேல்கையில் தோலுக்குள் 0.1 மில்லி மட்டும் போலியோ ஊசி. வாய்வழியாகப் போலியோ சொட்டு இரண்டு, கூடவே வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா மருந்து. காய்ச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் பென்டாதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இதை முதலில் தொடங்கினார்கள். இதில் கக்குவான் கிருமியைக் கொன்று, முழுக் கிருமியாகவே சேர்த்திருப்பதால் உடம்பு கொஞ்சம் பலமாகவே எதிர்க்கிறது. தனியாரில் 'வலியில்லா ஊசி' என்று போடுவதில் அந்தக் கிருமியின் சில துண்டுகள் மட்டும் இருக்கும். காய்ச்சல் குறைவு, காசு அதிகம், கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தப் பெயரை வைத்தவர் நல்ல வியாபாரி. குத்தும்போது அதுவும் வலிக்கத்தான் செய்யும்.

காலையில் குளிப்பாட்டிவிட்டே கிளம்புங்கள். தொடை முழுசாகத் தெரிகிற மாதிரி சட்டை போடு. சொட்டு மருந்து முதலில், ஊசி பிறகு. ரோட்டா மருந்து இனிப்பாக இருப்பதால் குத்துகிற வலியைச் சற்று மழுங்கடிக்கும். பிறகு பிள்ளையை அம்மா மடியில் வைத்து, குத்துவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே பால் குடிக்க விட்டு, குடிக்கக் குடிக்கவே போடச் சொல்லலாம். நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். நிமோனியா ஊசி கூடுதலாக எரியும் என்பதால் அதைக் கடைசியில் போடச் சொல்லிக் கேள். மேசையில் மல்லாக்கப் போட்டு நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் பயத்தில் தொடை விறைக்கும், விறைத்த தொடையில் வலி கூடும். முழங்காலை மட்டும் மெல்லப் பிடித்தால் போதும்.

குத்தியதும் வீல் என்று வருகிற அழுகை, நிமிர்த்தித் தோளில் போட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். இதற்கு மருந்து கிடையாது, தோள்தான். உடனே பைக்கை எடுக்காமல் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சு இழுப்பு என்று அபூர்வமாக வரும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் தெரியும்.

நிஜமான பாடு சாயந்திரம்தான். ஊசி போட்டு நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்துத் தொடை கனத்து, சூடேறி, உடம்பு காயும். நடுராத்திரி வாக்கில் உச்சத்துக்குப் போய், இரண்டு நாளில் வடிந்துவிடும். இங்கேதான் எல்லோரும் மருந்தில் கோட்டை விடுகிறார்கள்.

பாராசிட்டமால் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125, அதாவது ஒரு மில்லிக்கு 25தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். கணக்கு இதுதான்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நாலு கிலோ பிள்ளை என்றால் 40 முதல் 60. சொட்டு மருந்தில் 0.4 முதல் 0.6 மில்லி, அந்தச் சிரப்பில் 1.6 முதல் 2.4 மில்லி. 500 மில்லிகிராம் மாத்திரையைக் கால் துண்டாக்கிக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கால் துண்டில் 125 மில்லிகிராம் இருக்கும், நாலு கிலோ பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு. ஆகவே புதன்கிழமை எடை போட்டதும், எந்த மருந்து, எத்தனை மில்லி என்று நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ கார்டிலேயே எழுதி வாங்கிவிடு. ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வருகிற, கோடு போட்ட சொட்டுக்குழலில் (பில்லர்) அள. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கூடாது.

ஊசிக்கு முன்பே கொடுத்துவிடலாமா என்று கேட்பாய். வேண்டாம். வராத காய்ச்சலுக்கு முன்கூட்டியே கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி உருவாவது சில ஊசிகளுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 100.4 பாரன்ஹீட் தாண்டினாலோ, காலைத் தொடவே விடாமல் துடித்தாலோ கொடு. கடையில் கேட்டு நிமெசுலைடு, ஐபுபுரூபன் எதையும் வாங்கிவிடாதே. இந்த வயதுக்கு இரண்டும் ஆகாது.

மருந்து வேலை செய்ய அரைமணி, ஒரு மணி ஆகும். அதுவரை தாய்ப்பாலும் உங்கள் இருவரின் தோளும்தான். மார்பில் வெற்றுடம்பாகப் போட்டுக்கொண்டு நட. வெயில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். காய்ச்சல் என்று கம்பளியில் சுற்றினால் சூடு இன்னும் ஏறும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று, ஓடுகிற பேன், அவ்வளவுதான்.

தூளி விஷயத்தில் ஒன்று கவனி. பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளி பிள்ளையைப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தொடையை நெருக்கும். தூக்கினால் அமைதி, போட்டால் அலறல் என்றால் இதுதான் காரணமாக இருக்கலாம். மேலே தொட்டில் கம்பு வைத்துத் துணியை அகட்டு, இல்லையென்றால் அன்றைக்குப் பாயிலேயே மல்லாக்கப் போடு. இதேபோல், காலை நீட்டி அதில் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். தொடை முழுப்பாரமும் தாங்கும் கிடை அது.

வீங்கிய இடத்தில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் வைத்தால் நல்ல சுகம். வெந்நீர் ஒத்தடம், ஐஸ், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிட்டவே கொண்டுவராதே, கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். உரைமருந்து, தேன், கிரைப் வாட்டரும் வேண்டாம் என்று அம்மாச்சியிடம் நீயே சொல்லிவிடு, உன் வீட்டுக்காரி சொன்னால் வீட்டில் வம்பாகும். தொடையில் பட்டாணி மாதிரி ஒரு கட்டி சில வாரம் நிற்கலாம், தானாகக் கரையும், அமுக்கிப் பார்க்காதே.

சில அழுகைக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இருக்காது. எல்லாம் செய்தும் அடங்கவில்லையா, துணியைக் கழற்றி வெளிச்சத்தில் பார். அரைஞாண் கயிறோ கைக்கறுப்புக் கயிறோ இறுகியிருக்கலாம். கால்விரல் இடுக்கில் அம்மாவின் தலைமுடி சுற்றி விரல் சிவந்து உப்பியிருக்கலாம். விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு, பச்சையாக வாந்தி எடுத்து, சிவப்பு ஜெல்லி போல மலம் போனால் அது குடல் செருகல். ரோட்டா மருந்துக்குப் பின் முதல் வாரத்தில் மிக அபூர்வமாக வரக்கூடியது. விடியட்டும் என்று காத்திராதே.

மூன்று மணி நேரம் எதற்கும் அடங்காத அழுகை, 102 தாண்டிய காய்ச்சல், வலிப்பு, துணி போலத் துவண்டு வெளிறிக் கூப்பிட்டாலும் அசையாமல் கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, ஏழெட்டு மணி நேரம் மூத்திரம் போகாதது: இதில் எதைக் கண்டாலும் 108ஐக் கூப்பிடு, அல்லது நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போ. இரண்டு நாள் கழித்தும் காய்ச்சல் நீடித்தால் அதை ஊசியின் கணக்கில் எழுதாதே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மற்ற நாளில் 100.4 வந்தாலே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

அடுத்தது பத்தாவது வாரம். அன்றைக்குப் பென்டா ஒரு ஊசிதான், போலியோ சொட்டும் ரோட்டா மருந்தும் உண்டு. பதினாலாவது வாரத்தில் மூன்று ஊசியும் திரும்ப வரும், அதற்குள் எடை கூடியிருக்கும். மருந்து அளவைப் புதிதாகக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா